அத்தியாயம் 7: அப்டேட் பாதியில் விழும் லேப்டாப்

உதியன்குளங்கரையிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. வடக்கே அமரவிளை, நெய்யாற்றின்கரை. இந்தப் பகுதி வீடுகளில் இரண்டு மாநில லேப்டாப்புகளும் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த பிள்ளை கொண்டுவந்தது, 2011 செப்டம்பரில் தமிழ்நாடு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அந்த அரசின் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் இருக்கும். இந்தப் பக்கம் கேரளப் பள்ளிக்கூடத்தில் இருப்பது, பள்ளிகளுக்கான அரசு நிறுவனமான கைட்டின் லினக்ஸ். இவற்றோடு கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டாக வந்த பழைய ஐ5 லேப்டாப்புகளும் ஏராளம். மூன்றும் அப்டேட்டில் விழும். ஆனால் ஒரே மாதிரி விழாது.

விழுந்ததும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். “அண்ணே, நேத்து ராத்திரியிலேருந்து கறங்கிட்டே கெடக்கு, ஒண்ணும் வரல்ல” என்று ஒரு மாணவி கடை மேசையில் லேப்டாப்பை வைப்பாள். “ஃபார்மேட் அடிச்சுத் தாறேன் மக்கா, நாளைக்கு வா” என்று பதில் வரும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பதிலுக்கு எதிராக எழுதப்பட்டது. ஃபார்மேட் அடித்தால் லேப்டாப் எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் அரசு சேவைகளுக்கான அட்சயா மையத்துக்காக ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், எல்லையின் இரண்டு பக்கமும் கேட்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, பாட்டியின் கடைசிப் புகைப்படங்கள் எல்லாம் அதோடு போகும். இன்னொன்றும் உண்டு. டிஸ்க் பழுதாக இருந்துதான் அப்டேட் விழுந்தது என்றால், ஃபார்மேட் அடித்த லேப்டாப் அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்ப விழும்.

பெரிய அப்டேட்டில் லேப்டாப் பல மணி நேரம் மூச்சுவிடாமல் உழைக்கிறது. சாதாரண நாட்களில் தொடாத டிஸ்க்கின் மூலைகளில் எழுதுகிறது. பிராசஸர் சூடாகிறது. எல்லா டிரைவர்களும் புதிய சிஸ்டத்தோடு முதல்முறையாகச் சந்திக்கின்றன. ஏற்கெனவே எது பலவீனமாக இருந்ததோ அது அன்று வெளியே வருகிறது. ஆகவே முதல் கேள்வி “எப்படிச் சரிசெய்வது” என்பதாக இருக்கக் கூடாது. எந்தக் கட்டத்தில், எப்படி விழுந்தது என்று கேளுங்கள்.

எப்படி விழுந்தது

திரை கறுத்து, சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றதா? அது பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு. நீலத் திரையில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆனதா? அது டிரைவர், ரேம் அல்லது டிஸ்க். அந்த எழுத்தை உடனே மொபைலில் படம் எடுங்கள். கடைக்குப் போகும்போது லேப்டாப்பைவிட அந்தப் படம்தான் முக்கியம். புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றனவா? அது விழவே இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கடைசி வகையில்தான் மனிதர்கள் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் ஒரு பெரிய அப்டேட் பல மணி நேரம் எடுக்கும். நடுவே ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்பது இயல்பு. டிஸ்க் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். விளக்கு இல்லாத மாடலாக இருந்தால் அடிப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். சத்தமோ மினுக்கமோ இருக்கும்வரை கையை வைக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் விளக்கும் அசையாமல் சதவீதமும் அசையாமல் இருந்தால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணையுங்கள். அதற்குமுன் யூஎஸ்பியில் சொருகிய எல்லாவற்றையும் உருவிப் பாருங்கள். பிரிண்டர், பென் டிரைவ், மௌஸ் ரிசீவர் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்பது உண்டு.

மின்சாரமும் இடியும்

நம் ஊருக்கு இது தனியாக எழுதப்பட வேண்டிய விஷயம். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களிலும், கோடையின் ஏப்ரல், மே மாதங்களிலும் மதியத்துக்குப் பிறகு இடி இறங்கும். அந்தக் காலங்களில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது. மின் சாதனங்களை பிளக்கிலிருந்து கழற்றிவிடச் சொல்கிறது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறப்பதும், அப்டேட் தொடங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

அதனால் பெரிய அப்டேட்டைக் காலையில் தொடங்குங்கள். ஞாயிறு காலை ஏழு மணி நல்ல நேரம். மதியத்துக்குள் முடியாவிட்டாலும் பாதிக்கு மேல் தாண்டியிருக்கும். நடுவே இடி முழங்கத் தொடங்கினால், பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப் என்றால், சார்ஜரைச் சுவரிலிருந்து உருவி பேட்டரியில் ஓட விடுங்கள். நெட் லேன் கேபிளில் வந்தால் அதையும் கழற்றுங்கள். ஃபைபர் வழியாக மின்னல் வராது. ரூட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் இறங்கி மதர்போர்டை எரிக்கும்.

பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் பெரிய அப்டேட் போடவே கூடாது. சார்ஜரில் மட்டும் ஓடும் லேப்டாப்புக்கு ஒரு நொடி கறண்டு போனாலும் முழு அணைப்புதான். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியப்படாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தச் சிறு இடைவெளியில் ஃபேனும் லைட்டும் தாங்கும், பேட்டரி இல்லாத லேப்டாப் தாங்குமென்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மாறும் நேரம் குறையும். புது பேட்டரி வாங்க மனமில்லை என்றால் நல்ல பேட்டரி உள்ள அதே மாடல் லேப்டாப்பைத் தேடி அதன் பேட்டரியை ஒருநாள் கடன் கேளுங்கள். தமிழ்நாடு அரசு லேப்டாப்புகள் ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் கொடுக்கப்பட்டவை. எல்லையோரத்தில் அப்படி ஒன்று கிடைப்பது சிரமமில்லை.

சூடு இன்னொரு காரணம். பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள லேப்டாப் அணைந்துவிடும். நெடுஞ்சாலையோர வீடுகளின் தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் கம்பளிபோல் படிந்துவிடும். எறும்பு கூடு கட்டியிருப்பதும் உண்டு. சர்வீஸ் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றி வருடங்கள் ஆகியிருந்தால், அப்டேட்டுக்கு முன் அதைச் செய்யுங்கள். மெத்தை மேல் வைத்து அப்டேட் போடாதீர்கள்.

மின்சாரமா சூடா என்று சந்தேகம் வந்தால், விண்டோஸ் எழுந்த பிறகு ஈவென்ட் வியூவரில் “கெர்னல் பவர் 41” என்ற வரியைத் தேடுங்கள். சரியாக அணைக்காமல் நின்றுபோனதற்கான அடையாளம் அது. அதோடு நீலத் திரைக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் மென்பொருளைக் குறை சொல்லாமல் பேட்டரி, சார்ஜர், ஃபேன் மூன்றையும் பாருங்கள்.

டிஸ்க்: முதலில் தகவல், பிறகு பழுது

அப்டேட்டின்போது நின்றுபோய், பிறகு கட்டைவண்டி வேகத்தில் எழும் லேப்டாப்பின் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சள் நிறத்தில் “காஷன்” என்று காட்டினால் அப்டேட்டை மறந்துவிட்டு ஃபைல்களை நகல் எடுங்கள். டிஸ்க் செக் ஓட்டிப் பார்க்கலாம் என்று தொடங்காதீர்கள். சாகும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடும்.

விண்டோஸ் எழவே இல்லையென்றாலும் ஃபைல்கள் பத்திரமாக இருக்கலாம். உபுண்டு பென் டிரைவ் ஒன்று போதும். அதை சொருகி, பயாஸ் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் செய்யாமல் “டிரை” என்பதைக் கொடுத்தால் டிஸ்க்கைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். கைட் லினக்ஸும் உபுண்டு வழி வந்ததுதான். கேரளப் பள்ளிகளின் ஐடி மன்றமான லிட்டில் கைட்ஸ் மாணவர்கள் பலருக்கு உபுண்டு இன்ஸ்டால் செய்வது கைவந்த வேலை. பக்கத்துப் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

டிஸ்க் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் மட்டும் இந்த வழி சாவி இல்லாமல் திறக்காது. புது லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடுவது இப்போது வழக்கம். 48 இலக்க பிட்லாக்கர் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்டேட்டுக்கு முன் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறு அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பழுதான ஃபைலை அழிப்பது சிறு வேலைதான், ஆனால் பல இடங்களில் அதற்குமுன் இந்த 48 இலக்கங்களைத் தேட வேண்டியிருந்தது. கடையில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் என்றால் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கடைக்காரர் தன் மெயிலில் நுழைந்து செட்டப் செய்திருந்தால் சாவி அவரிடம் இருக்கும்.

விண்டோஸ் எந்தக் கட்டத்தில் விழுந்தது

விண்டோஸின் பெரிய அப்டேட் நான்கு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் இறக்கமும் தயாரிப்பும். இரண்டாவது, முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒரு சிறு பாதுகாப்பு சிஸ்டத்தில் நடப்பது. மூன்றில் புது விண்டோஸ் முதல்முறை எழுந்து டிரைவர்களை ஏற்றுகிறது. நான்கில் உங்கள் அமைப்புகளை இடம் மாற்றுகிறது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. தோற்றுப் பின்வாங்கிய விண்டோஸ் இரண்டு எண்களைக் காட்டும். இரண்டாவது எண்ணில், எக்ஸ் என்ற எழுத்துக்கு அடுத்த இலக்கம்தான் கட்டம். 20017 என்றால் இரண்டாம் கட்டத்தில் விழுந்தது, 30018 என்றால் மூன்றில், 4 என்று தொடங்கினால் நான்கில். கடைக்காரர் அந்த எண்ணைக் கேட்காமலே ஃபார்மேட் என்றால் இன்னொரு கடைக்குப் போகலாம்.

முதல் எண்ணின் கடைசி இலக்கங்களையும் பாருங்கள். 70070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி, முடிந்தால் 30 ஜிபி காலியாக்குங்கள். 1900101 என்று முடிந்தால் டிரைவர் பிரச்சினை. இது மிக அதிகம் வருவது. பதற்றப்படாமல் வேண்டாத யூஎஸ்பி சாதனங்களைக் கழற்றுங்கள். வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிவைரஸை முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நிறுத்தி வைப்பது போதாது, அது சிஸ்டத்தின் அடித்தளத்தில் டிரைவராக உட்கார்ந்திருக்கிறது. பிறகு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பயாஸ், டிஸ்ப்ளே, வைஃபை டிரைவர்களைப் புதுப்பியுங்கள். டிரைவர்களை மொத்தமாக ஏற்றித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோளாறு எங்கே என்று விண்டோஸே கண்டுபிடித்து எழுதியும் வைக்கிறது: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக். அங்கே இருக்கும் அறிக்கையைத் திறந்தால் எந்த டிரைவர் என்று பெயரே இருக்கக்கூடும்.

நீலத் திரையில் “மெமரி மேனேஜ்மென்ட்” என்று வந்தால் ரேமைச் சோதியுங்கள். ஈரக்காற்றில் ரேமின் தொடுமுனைகள் கறுத்துவிடும். கடைகளில் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுவது பழைய வழக்கம், பல சமயம் அதுவே போதும். “இன்அக்சஸபிள் பூட் டிவைஸ்” என்றால் டிஸ்க் அல்லது அதன் டிரைவர். பயாஸில் டிஸ்க் மோடை யாராவது மாற்றினார்களா என்றும் கேளுங்கள்.

விண்டோஸ் எழாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால், எழும்போதே பவர் பட்டனால் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை அணைத்தால் நீல நிற பழுதுபார்ப்பு மெனு வரும். இங்கே மட்டும்தான் அப்படி அணைக்கச் சொல்வேன். “டிரபிள்ஷூட்”, “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்”, “அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்”, அதில் “ஃபீச்சர் அப்டேட்” என்று போங்கள். பழைய விண்டோஸ் ஃபைல்களோடு திரும்பும். “ரீசெட் திஸ் பிசி” அதே மெனுவில் கவர்ச்சியாகக் கண்ணில் படும். நகல் எடுக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

குற்றம் அப்டேட்டின் மேலேயே இருக்கும்போது

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் அப்டேட்டே கெடுத்ததும் நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபைல்களையே அழித்தது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டது. 2017இல் உபுண்டு 17.10 சில லெனோவோ லேப்டாப்புகளின் பயாஸைப் பூட்டிவிட, டவுன்லோடையே எடுத்துவிட்டார்கள். 2020 நவம்பரில் மேக்கின் பிக் சர் அப்டேட் 2013, 2014 காலத்து 13 இஞ்ச் மேக்புக் ப்ரோக்கள் சிலவற்றைக் கறுப்புத் திரையில் நிறுத்தியது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2, வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில எஸ்எஸ்டிகளில் நீலத் திரையைக் கொண்டுவந்தது. எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் சரியானது. பெரிய அப்டேட் வந்த முதல் மாதம் காத்திருங்கள். செட்டிங்ஸில் “பாஸ் அப்டேட்ஸ்” இருக்கிறது. அது மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிடும், அதனால் நெடுநாள் அப்படியே விடாதீர்கள்.

தமிழ்நாட்டு லேப்டாப்புகளைப் போல் இரண்டு சிஸ்டம் உள்ளவற்றுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் போட்டிருந்த பல லேப்டாப்புகளில் பக்கத்தில் இருந்த லினக்ஸை எழவிடாமல் செய்தது. லினக்ஸ் அழியவில்லை, அதன் பழைய பூட்லோடரை செக்யூர் பூட் மறுத்ததுதான் காரணம். பயாஸில் செக்யூர் பூட்டை தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் பூட்லோடரைப் புதுப்பித்தால் எழும். லினக்ஸ் மெனு வராமல் நேராக விண்டோஸ் மட்டும் எழுந்தால், பல சமயம் பயாஸில் பூட் வரிசையை மாற்றுவதே போதும்.

விண்டோஸ் 11 போட வேண்டுமா

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைகள் சொல்கின்றன. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0; இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல். அதற்குக் கீழே உள்ளதில் சோதனையைத் தாண்டவைத்துப் போட முடியும். ஆனால் அந்த லேப்டாப் அடுத்த பெரிய அப்டேட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி தர முடியாது. 24எச்2 மிகப் பழைய பிராசஸர்களில் எழவே எழாது. நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை: விண்டோஸ் 10லேயே இருந்து, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யுங்கள், அல்லது உபுண்டுக்கு மாறுங்கள். எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்ட பழைய லேப்டாப் லினக்ஸில் நன்றாக ஓடும்.

பள்ளி லேப்டாப்

2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017இல் கைட் ஆன நிறுவனம் இன்று கேரளப் பள்ளிகளுக்கு உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட தன் லினக்ஸைத் தருகிறது. பாடநூல்களுக்குத் தேவையான மென்பொருள்கள் அதில் சேர்த்தே வரும். அதில் “புதிய உபுண்டு வந்திருக்கிறது, அப்கிரேட் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உபுண்டுவின் அப்கிரேட் வெளி மூலங்களிலிருந்து சேர்த்தவற்றை நிறுத்திவிடும்; பாடத்துக்கான மென்பொருள்கள் உடையலாம். கைட் புதிய பதிப்பு வெளியிடும்போது, ஹோம் ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு புதிதாக இன்ஸ்டால் செய்வதே சரி. எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வு நெருங்கும்போது எந்தப் பதிப்பு மாற்றமும் வேண்டாம். கோடை விடுமுறையில் செய்வதாக இருந்தால் இடிக்கு முன், காலையில்.

வீட்டு உபுண்டு அப்கிரேட் பாதியில் நின்றுபோனால் நிலைமை விண்டோஸைவிட நல்லது. லேப்டாப்பை ஆன் செய்ததும் எஸ்கேப் சாவியை, பழைய லேப்டாப்பில் ஷிஃப்ட்டை, அழுத்தினால் கிரப் மெனு வரும். “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” உள்ளே போய் முதலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் எழாவிட்டால் ரெக்கவரி மோடு. அங்கே வரும் பட்டியலில் “எஃப்எஸ்சிகே” டிஸ்க்கைச் சரிபார்க்கும், “கிளீன்” இடத்தைக் காலியாக்கும், “டிபிகேஜி” பாதியில் நின்ற பொதிகளை நிறுவி முடிக்கும். இந்த மூன்றையும் இதே வரிசையில் கொடுங்கள். “டிபிகேஜி”க்கு நெட் தேவைப்பட்டால் அதே பட்டியலில் “நெட்வொர்க்” உண்டு. பாதியில் நின்ற அப்கிரேட்டை நான் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே எழுப்பிவிடுவேன். ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அடுத்த எல்டிஎஸ்ஸுக்குப் போக உபுண்டுவே முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காத்திருக்கிறது. 24.04க்கு அந்த வழியை 2024 ஆகஸ்ட் இறுதியில் திறந்து, ஒரு பிழை தெரிந்ததும் சிறிது காலம் மூடியும் வைத்தார்கள். அறிவிப்பு வராமல் கட்டாயப்படுத்திப் போட வேண்டாம்.

அப்டேட் முடிந்த பிறகு

வேலை செய்கிறது என்று உடனே டிஸ்க்கைச் சுத்தம் செய்யாதீர்கள். பழைய விண்டோஸ் “விண்டோஸ் ஓல்ட்” என்ற ஃபோல்டரில் பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் “ரெக்கவரி” பகுதியில் “கோ பேக்” கொடுத்தால் திரும்பிவிடலாம். அந்த ஃபோல்டரை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். பத்து நாளில் பிரிண்டர், ஸ்கேனர், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, டிஜிட்டல் கையொப்பம், ஸ்லீப்பில் வைத்து எழுப்புவது எல்லாவற்றையும் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று நின்றால் ஒன்பதாம் நாள் வரை காத்திருக்காமல் அன்றே திரும்புங்கள். திரும்பிய பிறகு, முன்பு நீக்கிய ஆன்டிவைரஸை மறுபடி போடுங்கள், அப்டேட்டை ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.